நரம்புறை அரிக்கும் நோயும் ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ மருந்துகளும்

 

மாலை நேர மக்தப் முடிந்து பிள்ளைகள் கலைந்து சென்றதும், மாணவன் ஒருவனின் பாட்டியார் தயங்கியபடி வந்து நின்றார். கைப்பையிலிருந்து இரண்டு பொருள்களை எடுத்துத் திண்ணைமேல் வைத்தார். ஒன்று, நரம்பியல் மருத்துவர் எழுதிக் கொடுத்த கேப்ஸ்யூல் அட்டை. மற்றொன்று, வண்ணப் படம் ஒட்டிய ஒரு புட்டி.

“ஹஜ்ரத், என் மகளுக்கு எம்.எஸ். என்று சொல்லிவிட்டார்கள். இந்தக் கேப்ஸ்யூலைச் சாப்பிட்டால் முகமெல்லாம் சிவந்து எரிகிறதாம். இந்தப் புட்டி இயற்கையானது, ஆன்டி ஆக்ஸிடன்ட், பக்க விளைவே கிடையாது என்கிறார்கள். அதை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கட்டுமா?” என்று கேட்டார்.

நான் மருத்துவம் கற்றவன் அல்லன். கற்றவை கலைப் பாடங்களும் மார்க்கக் கல்வியுமே. ஆனால் அறியாததை அறிந்தோரிடம் கேட்குமாறு பணிக்கும் மார்க்கம் நம்முடையது. எனவே மருத்துவ நண்பர்களிடம் கேட்டும், ஆய்வுகளின் முடிவுகளைப் படித்தும் தெரிந்துகொண்டவற்றை உங்கள்முன் வைக்கிறேன். இதே கேள்வியோடு இன்னும் பல இல்லங்களில் தாய்மார்கள் தவித்துக்கொண்டிருக்கக் கூடும் என்பதே இதற்குக் காரணம்.

எம்.எஸ். என்றால் என்ன?

‘மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்’ என்பதன் சுருக்கமே எம்.எஸ். நம் மூளையிலிருந்தும் தண்டுவடத்திலிருந்தும் கட்டளைகளைக் கொண்டு செல்லும் நரம்பிழைகள் மின்கம்பிகளைப் போன்றவை. கம்பியின்மேல் ரப்பர் உறை இருப்பதுபோல், நரம்பிழையின்மேல் ‘மயலின்’ என்னும் கொழுப்பு மிகுந்த உறையை வல்ல அல்லாஹ் அமைத்திருக்கிறான். நோய்க் கிருமிகளை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, ஏதோ ஒரு தவறான அடையாளத்தால் இந்த உறையையே பகையென்று எண்ணித் தாக்குகிறது. உறை அரிக்கப்பட்ட இடங்களில் தழும்புகள் விழுகின்றன. பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் மார்ட்டின் ஷார்க்கோ என்னும் மருத்துவர் 1868ஆம் ஆண்டில் இதனைத் தனியொரு நோயாக விளக்கிக் காட்டினார்.

பெரும்பாலும் இருபது வயதுக்கும் நாற்பது வயதுக்கும் இடையில், வாழ்வின் செழிப்பான பருவத்தில் இந்நோய் தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களை இரண்டு மூன்று மடங்கு அதிகமாகப் பீடிக்கிறது. 2020இல் வெளியான உலகக் கணக்கெடுப்பின்படி ஏறத்தாழ 28 இலட்சம் பேர் இந்நோயோடு வாழ்கின்றனர். ஒரு கண்ணில் பார்வை மங்குதல், கைகால் மரத்துப் போதல், நடையில் தள்ளாட்டம், சொல்லி மாளாத அசதி ஆகியவை இதன் அறிகுறிகள்.

இந்நோயில் நம்மை ஏமாற்றும் ஒரு தன்மை உண்டு. நோயாளிகளுள் ஏறக்குறைய 85 விழுக்காட்டினருக்கு இது தாக்கும். பிறகு சில வாரங்களில் தானே தணியும். சில மாதங்கள் கழித்தோ ஆண்டுகள் கழித்தோ மீண்டும் தாக்கும். முதல் தாக்குதலை ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஒருவர் சொல்வார். ‘கண்ணேறு’ என்பார் மற்றொருவர். ‘செய்வினை’ என்று பணம் பறிப்போரும் உண்டு. அந்த நேரத்தில் எதைக் கொடுத்தாலும், எதைக் கட்டினாலும், சில வாரங்களில் பார்வை திரும்பும், கால் நேராகும். கொடுத்த பொருளுக்கே புகழ் சேரும். உள்ளே உறை அரிப்பு தொடர்ந்துகொண்டிருப்பதோ கண்ணுக்குத் தெரியாது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இதை முதலில் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

பிராணவாயுவின் மறுமுகம்

இனி, ‘ஆன்டி ஆக்ஸிடன்ட்’ என்ற சொல் இந்த நோயோடு எப்படி வந்து ஒட்டிக்கொண்டது என்று பார்ப்போம்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவாகிய ஆக்ஸிஜன் உயிர் தருவது. ஆனால் அடுப்பில் எரியும் நெருப்பிலிருந்து பொறி தெறிப்பதுபோல், உடலின் அணுக்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்தும்போது சில வீரியமிக்க துணுக்குகள் தெறிக்கின்றன. இரும்பைத் துருப்பிடிக்கச் செய்வதும், திறந்து வைத்த எண்ணெயைக் காறலடிக்கச் செய்வதும் இதே ஆக்ஸிஜனேற்றம்தான். இந்தத் துணுக்குகள் அளவு மீறி, அவற்றை அணைக்கும் ஆற்றல் உடலில் குறைந்துவிடும் நிலையையே ‘ஆக்ஸிஜனேற்ற அழுத்தம்’ என்கிறார்கள்.

மனித மூளை உடல் எடையில் நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஆனால் உடல் செலவிடும் ஆக்ஸிஜனில் ஐந்திலொரு பங்கை அதுவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே பொறிகளும் அங்கே அதிகம். மயலின் உறையோ பெரும்பகுதி கொழுப்பாலானது. எண்ணெயைப்போல் எளிதில் காறக் கூடியது. அந்த உறையை நெய்து தரும் அணுக்களில் இரும்புச் சத்து மிகுதியாக இருக்கிறது. அவை மடியும்போது அந்த இரும்பு வெளியே சிந்தி, நெருப்பில் நெய் வார்த்தாற்போல் துணுக்குகளின் வீரியத்தைக் கூட்டுகிறது.

இவற்றுக்கெல்லாம் மேலாக, உடலின் காவற்படை அணுக்கள் இத்தகைய துணுக்குகளைத் தம் ஆயுதமாகவே பயன்படுத்துபவை. கிருமியைக் கொல்லப் படைக்கப்பட்ட அந்த ஆயுதம் எம்.எஸ். நோயில் சொந்த நரம்பின்மேலேயே பாய்கிறது. வியன்னாவைச் சேர்ந்த ஹான்ஸ் லாஸ்மன் குழுவினர், எம்.எஸ். நோயால் இறந்தோரின் மூளைத் திசுக்களை ஆராய்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வில், உறை அரிக்கப்படும் இடங்களில் ஆக்ஸிஜனேற்றத்தால் சிதைந்த கொழுப்பும் மரபணுப் பொருளும் மிகுந்து கிடப்பதை எடுத்துக் காட்டினார்கள்.

ஆக, புட்டியை விற்றவர் சொன்னதில் ஒரு பாதி உண்மை. இந்நோயில் ஆக்ஸிஜனேற்றச் சேதம் நிகழ்வது மெய். அதனால் அந்தப் புட்டி நோயைத் தணிக்கும் என்று சொன்னாரே, அந்த மறுபாதிதான் சோதனையில் நிற்கவில்லை.

நெருப்பு இருக்கிறது, நீர் அணைத்ததா?

நெருப்பு எரிகிறதென்றால் நீரை ஊற்ற வேண்டியதுதானே என்று நமக்குத் தோன்றும். அறிஞர்களுக்கும் அப்படித்தான் தோன்றியது. ஊற்றியும் பார்த்தார்கள்.

எம்.எஸ். நோயாளிகளின் இரத்தத்தில் யூரிக் அமிலம் என்னும் இயற்கையான ஆன்டி ஆக்ஸிடன்ட் குறைவாக இருப்பதைக் கண்டு, அதைக் கூட்டும் ‘இனோசின்’ என்ற பொருளை, வழக்கமான மருந்தோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வில் கூடுதல் பயன் ஏதும் கிட்டவில்லை. ‘ஐடிபெனோன்’ என்ற மற்றோர் ஆன்டி ஆக்ஸிடன்ட், தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகை எம்.எஸ். நோயாளிகளிடம் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் சோதிக்கப்பட்டது. ஊனம் வளர்வதை அதனால் தடுக்க இயலவில்லை என்று 2020இல் அறிவிக்கப்பட்டது.

‘லிபோயிக் அமிலம்’ சற்று நம்பிக்கை தந்தது. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 51 நோயாளிகளிடம் இரண்டு ஆண்டுகள் சோதித்தபோது, அதை உட்கொண்டோரின் மூளை சுருங்கும் வேகம் 68 விழுக்காடு குறைந்ததாக 2017இல் எழுதினார்கள். ஆனால் 51 பேர் என்பது சிறு கூட்டம். சிறு கூட்டத்தில் கண்ட வெற்றி பெருங்கூட்டத்தில் நிலைக்காமல் போவது மருத்துவ உலகில் புதிதன்று. வைட்டமின் வகையைச் சேர்ந்த பயோட்டினை மிகை அளவில் கொடுத்தபோது எம்.எஸ். நோயாளிகள் சிலர் தேறியதாக 2016இல் மகிழ்ந்தார்கள். 642 பேரிடம் மீண்டும் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டபோது, பயோட்டினுக்கும் மருந்தில்லா வெறும் மாத்திரைக்கும் வேறுபாடு காணப்படவில்லை. போதாக்குறைக்கு, மிகை அளவுப் பயோட்டின் தைராய்டு முதலிய இரத்தப் பரிசோதனைகளின் விடையையே தவறாகக் காட்டச் செய்யும்.

‘பயன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே’ என்று கேட்போர் உண்டு. அதற்கு ஃபின்லாந்து நாடு விடை தந்திருக்கிறது. புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம், நுரையீரல் புற்றுநோயைத் தடுக்கலாம் என்ற நல்லெண்ணத்தில், வைட்டமின் ஈயும் பீட்டா கரோட்டினும் மாத்திரையாகக் கொடுக்கப்பட்டன. 1994இல் முடிவு வெளிவந்தபோது, பீட்டா கரோட்டின் உட்கொண்டோரிடம் அப்புற்றுநோய் 18 விழுக்காடு அதிகமாகவே காணப்பட்டது. காரட்டிலும் கீரையிலும் அளவோடு இருக்கும்போது உணவாக இருக்கும் ஒன்று, பிரித்தெடுத்து மிகையாக விழுங்கும்போது வேறொன்றாக மாறிவிடுகிறது.

மேலிருந்து ஊற்றும் நீர் ஏன் பலிக்கவில்லை? விழுங்கும் பொருள்களுள் பல, மூளையைக் காக்கும் இரத்தத் தடுப்பைக் கடந்து உள்ளே போவதில்லை. போனாலும், நெருப்பு எரியும் நொடியில், எரியும் இடத்தில், வேண்டிய அளவில் இருப்பதில்லை. மேலும் அந்தத் துணுக்குகள் முழுக்க முழுக்கப் பகையும் அல்ல. சிறிதளவில் அவை அணுக்களுக்கிடையே செய்தி சொல்லும் தூதுவர்களாகவும் இருக்கின்றன.

தூங்கும் காவலனை எழுப்பிய மருந்து

இவ்வளவு தோல்விகளுக்கிடையே ஒரு மருந்து நிலைத்து நின்றது. அந்தப் பாட்டியார் கொண்டு வந்த கேப்ஸ்யூல் அதுதான். அதன் பெயர் டைமெதில் ஃபுமரேட்.

இதன் வரலாறு வியப்பானது. வால்டர் ஷ்வெக்கெண்டீக் என்ற ஜெர்மானிய வேதியியலார் சோரியாசிஸ் என்னும் செதில் தோல் நோயால் அவதியுற்றார். தம் உடலில் ஃபுமாரிக் அமிலம் குறைவதால்தான் நோய் வந்தது என்று எண்ணி, அதன் வகைகளைத் தம்மீதே சோதித்து 1959இல் எழுதினார். அவருடைய காரணம் பிழையானது, மருந்தோ பலித்தது. 1994இல் ஜெர்மனி அதைச் சோரியாசிஸ் மருந்தாக ஏற்றுக்கொண்டது. அதுவும் உடலின் காவற்படை தவறாகத் தாக்கும் நோய்தான் என்பதால், எம்.எஸ். நோயாளிகள் பத்துப் பேரிடம் கொடுத்துப் பார்த்து 2006இல் எழுதினார்கள். பின்னரே பெருஞ்சோதனைகள் தொடங்கின.

நம் அணுக்களுக்குள்ளேயே ஆக்ஸிஜன் துணுக்குகளை அணைக்கும் ஒரு தீயணைப்புப் படையை அல்லாஹ் வைத்திருக்கிறான். குளூட்டாதயோன் என்னும் பொருளும், துணுக்குகளைச் செயலிழக்கச் செய்யும் பல நொதிகளும் அப்படையைச் சேர்ந்தவை. ‘என்.ஆர்.எஃப்.2’ என்ற புரதமே இந்தப் படைக்குத் தளபதி. ஜப்பானிய அறிஞர் மசயுகி யமமோட்டோவின் குழுவினர் 1997இல் இதன் பணியை விளக்கினார்கள். சாதாரண நேரத்தில் ‘கீப்1’ என்ற மற்றொரு புரதம் இந்தத் தளபதியைப் பிடித்து வைத்திருக்கும். டைமெதில் ஃபுமரேட் அந்தப் பிடியைத் தளர்த்தி விடுகிறது. அதாவது இம்மருந்து தானே நெருப்பை அணைப்பதில்லை. அணுவைச் சற்றே சீண்டி, தூங்கும் காவலனை எழுப்பி விடுகிறது.

சோதனை முடிவுகள் 2012இல் வெளியாயின. பல நாடுகளில் 1,200க்கும் மேற்பட்ட நோயாளிகள் பங்கேற்ற ஓர் ஆய்வில், வெறும் மாத்திரை உட்கொண்டோருள் 46 விழுக்காட்டினருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் மீண்டும் தாக்கியது. மருந்தை நாளுக்கு இருவேளை உட்கொண்டோருள் அது 27 விழுக்காடாகக் குறைந்தது. 2013 மார்ச்சில் அமெரிக்க அரசு ‘டெக்ஃபிடெரா’ என்ற பெயரில் இதற்கு அனுமதி வழங்கியது. இப்போது இந்திய நிறுவனங்களும் இம்மருந்தைத் தயாரிக்கின்றன.

இதையும் மிகைப்படுத்திச் சொல்லலாகாது. 27 விழுக்காட்டினருக்கு மருந்தை மீறியும் நோய் தாக்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. என்.ஆர்.எஃப்.2 இல்லாத எலிகளிடமும் இம்மருந்து பலித்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. எனவே, காவற்படை அணுக்களின் எண்ணிக்கையையும் சீற்றத்தையும் குறைப்பதால்தான் பெரும்பயன் கிட்டுகிறதோ என்ற விவாதம் இருக்கிறது. தொடக்கம் முதலே படிப்படியாக முற்றும் வகை நோயாளிகள் 54 பேரிடம் டென்மார்க்கில் சோதித்தபோது பயன் தென்படவில்லை என்று 2021இல் எழுதினார்கள். அத்தகைய நோயாளிகளுக்கு மருத்துவர் வேறு மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

‘இயற்கையானது, பக்க விளைவில்லாதது’ என்ற விளம்பரச் சொல்லுக்கும் இந்த மருந்திலேயே ஒரு படிப்பினை உண்டு. ஃபுமாரிக் அமிலம் நம் உடலிலேயே சுரக்கும் பொருள்தான். ஆனால் அதிலிருந்து செய்யப்பட்ட இதே டைமெதில் ஃபுமரேட்டை, பூஞ்சணம் பிடிக்காமலிருக்கச் சோபாக்களுக்குள் பொட்டலமாக வைத்து ஐரோப்பாவில் விற்றபோது, அதில் அமர்ந்தவர்களின் தோல் புண்ணாகியது. 2009இல் ஐரோப்பிய நாடுகள் அவ்வாறு பயன்படுத்துவதைத் தடைசெய்தன. அளவும் இடமும் வழியும் மாறினால் மருந்தே நஞ்சாகும். அதை அறிந்து கொடுப்பவரே மருத்துவர்.

குடும்பத்தார் கவனிக்க வேண்டியவை

முகம் சிவந்து எரிவதும் வயிற்றுப் புரட்டலும் இம்மருந்தின் தெரிந்த பக்க விளைவுகளே. உணவோடு சேர்த்து உட்கொண்டால் முகச் சிவப்பு குறையும்; பெரும்பாலோருக்கு நாளடைவில் இவை தணிந்துவிடும். முகத்தின் எரிச்சலுக்குப் பயந்து தாமாகவே மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து. இம்மருந்து இரத்தத்தின் வெள்ளணுக்களைக் குறைக்கக் கூடும். மிக அரிதாக மூளையில் ஒரு கொடிய தொற்றுக்கும் வழிவிடும். ஆகவே குறித்த காலத்தில் இரத்தப் பரிசோதனை செய்வதைத் தவறவிடக் கூடாது.

‘நோய் எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும்’ என்று எழுதியிருக்கும் புட்டிகளைக் கண்டால் சற்றே நின்று யோசியுங்கள். எம்.எஸ். நோயில் அந்தச் சக்தி குன்றிவிடவில்லை; வழி தவறிச் சீறுகிறது. எந்த லேகியமானாலும், எந்த வைட்டமினானாலும் மருத்துவரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள்.

புட்டியில் ஆன்டி ஆக்ஸிடன்டைத் தேடுவோர் தம் வீட்டுப் புகையை மறந்துவிடுகிறார்கள். சிகரெட்டும் பீடியும் உடலில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை ஏற்றுபவை, புகைபிடிக்கும் எம்.எஸ். நோயாளிகளுக்கு நோய் விரைந்து முற்றுகிறது. புகைப்பதை விடுவதற்குக் காசு செலவில்லை. வீட்டில் புகைக்கும் கணவர்களும் இதைக் கேட்டுக்கொள்ளட்டும்.

உடல் சூடேறினால் இந்நோயின் அறிகுறிகள் தற்காலிகமாகக் கூடும்; உடலுழைப்புக்குப் பின் நோயாளிகளின் பார்வை தற்காலிகமாக மங்குவதை 1890இலேயே உட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் விவரித்தார். கோடை வெயிலில் அடுப்படியில் நிற்கும் மருமகள் தள்ளாடினால் அது பாசாங்கன்று. நின்று தொழ இயலாதவர் அமர்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்தும் தொழலாம் என்ற சலுகையை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியிருக்கிறார்கள். நோயாளிக்கு நோன்பில் உள்ள சலுகை திருமறையிலேயே இருக்கிறது. நோன்பு நோற்கலாமா, இருவேளை மருந்தை ஸஹரிலும் இஃப்தாரிலும் உட்கொள்ளலாமா என்பதை ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு, ஆலிமிடமும் தெளிவு பெறுங்கள்.

இது தொற்றுநோயன்று. பரம்பரைச் சாயல் சிறிதளவு உண்டென்றாலும், பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு நேராக இறங்கும் நோயுமன்று. நோய் வந்துவிட்டதென்று மனைவியைத் தாய்வீட்டுக்கு அனுப்பி வைப்போர், நாளை அல்லாஹ்வின் முன்னிலையில் என்ன விடை சொல்வார்கள்?

பழமும் உண்டு, மருத்துவரும் உண்டு

தேன், கருஞ்சீரகம், பேரீச்சை ஆகியவற்றின் சிறப்பை நாம் மறுப்பதற்கில்லை. ஆனால் அவற்றின் பெயரைச் சொல்லி மருத்துவரைத் தள்ளிவைப்போர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸஅத் பின் அபீவக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, நபி (ஸல்) அவர்கள் நலம் விசாரிக்க வந்தார்கள். அப்போது ஸகீஃப் குலத்தைச் சேர்ந்த ஹாரிஸ் பின் கலதா என்ற மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள் என்று அபூதாவூத் நூலில் அறிவிப்பு வருகிறது. அஜ்வா பேரீச்சம் பழமும் அதே அறிவிப்பில் இடம்பெறுகிறது. பழம் இருக்கிறது என்பதற்காக மருத்துவர் விலக்கப்படவில்லை.

அந்தப் பாட்டியாரிடம் இவற்றையெல்லாம் என்னால் அன்றே சொல்ல இயலவில்லை. “மகளுக்காக நான் துஆச் செய்கிறேன். ஆனால் கேப்ஸ்யூலை இன்றிரவு நிறுத்திவிடாதீர்கள். நாளைக் காலை இரண்டையும் எடுத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போய், எரிச்சலையும் சொல்லி, புட்டியையும் காட்டிக் கேளுங்கள்” என்று மட்டும் சொன்னேன். போய்க் கேட்டார். வயிறு நிறையச் சாப்பிட்ட பின் மருந்தை விழுங்கும்படி மருத்துவர் சொன்னாராம். எரிச்சல் குறைந்திருப்பதாகச் சில வாரங்கள் கழித்துப் பேரன் மூலம் சொல்லி அனுப்பினார். புட்டி திறக்கப்படாமலே கடைக்குத் திரும்பிவிட்டது.

நோயைத் தந்தவனும் நிவாரணத்தை வைத்தவனும் அல்லாஹ்வே. அந்த நிவாரணத்தைத் தேடி அலைவதும், தேடியதை மெய்தானா என்று சோதித்துப் பார்ப்பதும், சோதனையில் தேறியதைப் பொறுமையோடு கைக்கொள்வதும் அவன் நம்மிடம் ஒப்படைத்த உடல் என்னும் அமானிதத்தைப் பேணும் வழிகளாகும். நோயுற்ற நம் சகோதர சகோதரிகள் அனைவருக்கும் வல்ல அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிப்போருக்குச் சலியாத மனத்தையும் தந்தருள்வானாக. ஆமீன்.